மல்லிக்கு அவசரம்

மன்னார்த் தீவில் மல்லி பயிரிடுகிறவனுக்கு ஆலோசனைப் பஞ்சம் வராது. தெருவால் போகிற எல்லாரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

"தம்பி, செருப்பால தேய்ச்சு இரண்டாப் பிளந்து போட்டனீங்களோ?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. கேள்வியில் நியாயம் உண்டு. கடையில் வாங்கும் மல்லி உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பிளந்து, ஓரிரவு ஊறவிட்டு, விரற்கணு ஆழத்தில் போட்டால் இரண்டு கிழமைக்குள் முளை தெரியும். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். போட்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பிளப்பதற்குச் செருப்புத்தான் வேண்டுமென்றில்லை. மாமியிடம் அதைச் சொல்லும் துணிவுதான் எனக்கில்லை.

மண் என்று நாங்கள் சொல்வது மணல். ஊற்றிய தண்ணீர் வாளியைக் கீழே வைப்பதற்குள் காணாமல் போய்விடும். மாட்டெருவை அள்ளிக் கொட்டினால்தான் கொஞ்சம் தங்கும்.

பிறகு கழுதைகள். மன்னார் ரோட்டில் அவை நிற்கும் தோரணையைப் பார்த்தால் நாங்கள்தான் வந்தேறிகள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொன்னவர் இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டார். மல்லி வாசனை அவற்றுக்கு நன்றாகத் தெரியும். பனைமட்டை வேலியின் இடுக்கால் மூக்கை விட்டு, என் பாத்தியின் ஓரத்தை எனக்கு முன்னரே அறுவடை செய்தவர் ஒருவர் இருக்கிறார்.

மாரி மழை விட்டதும் தையில் போட்ட மல்லி, மாசி வெயிலைக் கண்டதும் பூத்துவிட்டது. வயது வருமுன்னே ஓடிப்போய்க் கல்யாணம் கட்டும் பிள்ளையைப் போல அதற்கொரு அவசரம். "பூக்க விடாதே, இலை போய்விடும்" என்று தோட்டப் புத்தகங்கள் பதறுகின்றன. போகட்டுமே! ரசத்தின் மேலே தூவ இலை தேடுகிறவர்களின் கவலை அது. எங்கள் சமையலில் இலை விருந்தாளி. கறித்தூளுக்கும், தடிமன் காய்ச்சலுக்கு இஞ்சி போட்டு அவிக்கும் மல்லித்தண்ணிக்கும் வேண்டியது கொட்டை. விருதுநகர், தூத்துக்குடிக் கரிசல் காட்டுக்காரர்கள் மழையை நம்பி மல்லி விதைப்பதும் கொட்டைக்காகத்தான். இவ்வளவு சூட்டில் எங்கள் செடி செய்தது சரியான காரியம்.

பச்சைக் காயை மட்டும் நசுக்கி மணந்து பார்க்காதீர்கள். மூட்டைப்பூச்சி ஞாபகம் வரும். காயக் காயத்தான் நல்ல மணம் ஏறும். விதைத்து மூன்று மாதம் தாண்டி, காய்கள் பழுப்பாகத் தொடங்கியதும் பனி ஈரம் உலருமுன் செடியோடு அறுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காய் உதிரும். நிழலில் காயவிட்டு, சாக்கில் போட்டு அடித்து, சுளகில் புடைத்தால் வேலை முடிந்தது. எல்லாம் சோளகக் காற்று எழும்புமுன் நடக்க வேண்டும். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்றில் புடைத்தால் சுளகும் சேர்ந்து பறக்கும்.

மாமிக்கு ஒரு சுண்டு கொடுத்தேன். "கடையில இதைவிட மலிவு, தம்பி" என்றார். அதுவும் உண்மைதான். என்றாலும் போடுங்கள். விதைக்கென்று ஒரு பிடியைப் போத்தலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அவித்துக் குடியுங்கள்.