ஏழு டாலருக்கு ஒரு படகு, ஓட்டத் தெரியாதவருக்கு

ஹென்றி டேவிட் தோரோவை நமக்குக் காந்தி வழியாகத்தான் தெரியும். வரி கட்டமாட்டேன் என்று சிறைக்குப் போனவர், சட்டமறுப்புக் கட்டுரை எழுதியவர், குளத்தங்கரையில் குடிசை போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் எளிமை சொன்னவர். மகான்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், 25 வயதில், கையில் காசில்லாமல் சொந்தப் படகை விற்ற ஒரு தோரோ இருக்கிறார். எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

படகு 1839 வசந்தகாலத்தில் பிறந்தது. மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கான்கார்ட் ஊரில் ஹென்றியும் அண்ணன் ஜானும் சேர்ந்து பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வாத்தியார்கள் இருவரும் ஒரு வாரம் உழைத்து அதைச் செய்தார்கள். 15 அடி நீளம். அகலமான இடத்தில் மூன்றரை அடி. அடியில் பச்சை, விளிம்பில் நீலம். இரண்டு பாய்மரம், அதில் ஒன்றுக்கு ராத்திரியில் கூடாரக் கம்பமாக உபரி உத்தியோகம். ஆறு கைவிட்ட இடத்தில் தரையில் உருட்டிப்போகச் சக்கரம் வேறு. ஊரின் கான்கார்ட் ஆற்றுக்குப் பழங்குடிகள் வைத்த பெயரையே படகுக்கும் வைத்தார்கள்: மஸ்கெடாக்விட். கூப்பிடுவதற்குள் படகு அடுத்த வளைவைத் தாண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 31ஆம் தேதி, தாங்களே பயிரிட்ட உருளைக்கிழங்கையும் முலாம்பழத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கான்கார்ட் ஆற்றில் இறங்கி, மெர்ரிமாக் ஆற்றில் எதிரோட்டமாக ஏறி, நியூ ஹாம்ப்ஷையரில் ஹூக்ஸெட் பக்கம் படகை விட்டுவிட்டு, வாஷிங்டன் மலை வரை போய்விட்டு, செப்டம்பர் 13இல் வீடு திரும்பினார்கள். படகு ஒழுகவில்லை, அண்ணன் தம்பிக்குள் சண்டையும் வரவில்லை. இரண்டில் எது பெரிய சாதனை என்று அண்ணன் தம்பியோடு பிறந்தவர்கள் சொல்லட்டும்.

அடுத்த ஆண்டு வேறு மாதிரி சோதனை. எலன் சூவல் என்ற பெண்மேல் இருவருக்கும் ஒரே சமயத்தில் பிரியம். 1840 ஜூனில் ஹென்றி அவளைப் படகில் ஏற்றித் துடுப்பு வலித்தார். அதை நாட்குறிப்பிலும் பூரிப்போடு எழுதிவைத்தார். ஜூலையில் ஜான் முந்திக்கொண்டு கேட்டார். அவள் முதலில் சரி என்றாள், பிறகு இல்லை என்றாள். நவம்பரில் ஹென்றி கடிதம் போட்டார். பெண்ணின் தகப்பனார் பாதிரியார். இந்தக் குடும்பத்தின் கருத்துகள் அவருக்கு ஒத்துவரவில்லை. தம்பிக்கும் இல்லை என்றே பதில் வந்தது. இந்த விஷயத்திலும் சகோதரர்கள் சரிபங்கு.

1842 ஜனவரியில் ஜான் சவரக்கத்தியைத் தீட்டும்போது விரலில் லேசாகக் கீறிக்கொண்டார். அது வில்வாத ஜன்னியில் கொண்டுபோய் விட்டது. பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் முடிந்துபோனார். அதற்குச் சில நாள் கழித்து, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத ஹென்றிக்கும் தாடை இறுகி, அதே நோயின் குறிகளெல்லாம் வந்தன. பிழைத்துக்கொண்டார். இந்த இடத்தில் எனக்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை, மேலே போகலாம்.

அந்த ஜூலையில் நதானியேல் ஹாதார்ன், சோபியாவைக் கல்யாணம் செய்த கையோடு, கான்கார்டில் ஓல்டு மான்ஸ் என்ற பழைய வீட்டுக்கு வாடகைக்கு வந்தார். புதுத் தம்பதி வருவதற்கு முன்பே அந்த வீட்டுத் தோட்டத்தைக் கொத்தி விதைத்து வைத்திருந்தவர் தோரோ. அப்போது அவர் எமர்சன் வீட்டில் தங்கி, கைவேலை செய்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரிய தத்துவஞானி வீட்டில் தோட்ட வேலையும் பெரிய நாவலாசிரியர் வீட்டில் தோட்ட வேலையுமாக, அமெரிக்க இலக்கியத்துக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சியவர் இவர்தான்.

செப்டம்பர் முதல் தேதியை ஒட்டி ஹாதார்ன் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்தத் தோட்டத்தின் முதல் தர்பூசணியை அன்றைக்குத்தான் அறுத்தார்கள். விதைத்தவருக்கே விருந்து. சாப்பிட்டுவிட்டு இருவரும் ஆற்றங்கரைக்குப் போய்ப் படகு ஏறினார்கள். தோரோ இரண்டு துடுப்பாலும் ஓட்டினார், ஒற்றைத் துடுப்பாலும் ஓட்டினார்; கை அசைந்ததே தெரியவில்லை, படகு தானாகப் போனது. ஹாதார்ன் சொக்கிப்போனார். தோரோவுக்குப் பணமுடை, விலை ஏழு டாலர். பேரமே இல்லாமல் வாங்கிக்கொண்டார். பாவம் இந்த ஆள், இவ்வளவு நன்றாக ஓட்டத் தெரிந்தும் விற்கவேண்டியிருக்கிறதே என்று நாட்குறிப்பில் இரக்கப்பட்டார். ஆள் பார்க்கப் பாவத்தைப்போல் அசிங்கம், மூக்கு நீளம் என்று எழுதியதும் அதே குறிப்பில்தான். அந்த அசிங்கம் அவருக்கு அழகைவிடப் பொருத்தம் என்று ஒட்டுப்போடவும் மறக்கவில்லை. இரக்கத்துக்கும் வாய்க்கொழுப்புக்கும் அவரிடம் ஒரே மைக்கூடு.

இதைச் சொல்லும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதே 1842இல்தான், பக்கத்துப் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் சென்னையில் நம் ஐஸ் ஹவுஸைக் கட்டினார். குளத்தில் தானாக உறைந்த தண்ணீரை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, உலகத்தின் மறுகோடியில் காசாக்கிய ஊர்க்காரர்கள் அவர்கள். அந்தச் சூழலில் பிறந்து, இரண்டு பேரின் ஒரு வார உழைப்பை ஏழு டாலருக்குக் கொடுத்த தோரோவை எந்த வியாபாரியும் கடைத்திண்ணையில்கூட உட்காரவிடமாட்டான்.

படகைக் கொண்டுவந்து ஒப்படைத்த தினம்தான் எனக்கு முக்கியம். ஆற்றில் வெள்ளம் ஏறியிருந்ததால் தோரோ நேரே ஓல்டு மான்ஸ் பழத்தோட்டத்துக்கே படகை ஓட்டிவந்தார். புது எஜமானரை ஏற்றிக்கொண்டு பாடம் ஆரம்பமாயிற்று. இரண்டு துடுப்பு வரை ஹாதார்ன் சமாளித்தார். ஒற்றைத் துடுப்பைக் கையில் எடுத்ததும், போகவேண்டிய திசையைத் தவிர மற்ற எல்லாத் திசைக்கும் படகு தலையைத் திருப்பியது. கரையில் சோபியா பார்த்துக்கொண்டு நின்றார், பாவம். தோரோ சொல்லிக்கொடுத்த உத்தி என்ன தெரியுமா? எங்கே போகவேண்டுமென்று மனசில் நினைத்தால் போதும், படகு போய்விடுமாம்!

இது பாடமா? பசுவை விற்றுவிட்டு, கறக்கிற கைப்பழக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆளின் பேச்சு இது. நடுவில் தோரோ துடுப்பை வாங்கி ஒருமுறை ஓட்டிக் காட்டினார். படகு உடனே சாதுவாகிவிட்டது. பழைய எஜமானர்மேல் வைத்த பாசத்தை இது இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை போலும் என்று ஹாதார்னே சந்தேகப்படுகிறார். விற்றவர் அந்த நிமிஷம் உள்ளுக்குள் குளிர்ந்திருப்பார் என்பது என் அனுமானம். குளிர்ந்துவிட்டு, ஏழு டாலரைத் தொட்டுப் பார்த்து, வேதனையும் பட்டிருப்பார்.

ஹாதார்ன் படகின் பெயரையும் மாற்றினார்: குளத்து அல்லி. அல்லிப்பூ பறித்துவர உதவுமாம். மலை வரை போன அண்ணன் தம்பியின் கப்பலுக்குப் பூக்கூடை உத்தியோகம். அது எங்கே போய்வந்த படகு என்பதையாவது சரியாகக் கேட்டுவைத்தாரா? நியூபரிபோர்ட் வரை, அதாவது கடல் பக்கமாகப் போய்வந்ததாக எழுதிவைத்தார். திசையே நேர் எதிர். துடுப்பைப் போலவே பேனாவும் அன்றைக்கு அவருக்குத் திரும்பவில்லை.

1845 ஜூலை 9ஆம் தேதி, ஹாதார்ன் தம்பதியின் திருமண நாளன்று இரவில், ஆற்றில் விழுந்த ஒரு பெண்ணின் உடலைத் தேட அந்தப் படகு போயிற்று. பூக்கூடைக்கு அதுவும் வாய்த்தது. பிறகு அது கவிஞர் எல்லெரி சானிங்கின் கைக்குப் போனது.

அதே ஜூலை 4ஆம் தேதிதான் தோரோ வால்டன் குளத்தங்கரையில் குடியேறினார். குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் 12½ செண்ட், அரைச் செண்ட் வரை கணக்கு. படகு விலையில் நாலு படகுக்கு ஒரு வீடு! அந்த வீட்டில் உட்கார்ந்து என்ன எழுதினார்? விற்ற படகைத்தான் எழுதினார். பச்சை, நீலம், சக்கரம், கூடாரக் கம்பம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினார். இரண்டு வாரப் பயணத்தை ஒரு வாரமாகச் சுருக்கி, மிச்சமான இடத்தில் பகவத்கீதையையும் மனுவையும் ஏற்றினார். அண்ணன் புத்தகம் முழுக்க வருகிறார், பெயர் மட்டும் ஒரு இடத்திலும் இல்லை. பயணம் போய்ப் பத்து வருஷம் கழித்து, 1849இல், சொந்தப் பொறுப்பில் ஆயிரம் பிரதி அச்சாயிற்று.

விற்றது 219. சும்மா கொடுத்தது 75. பாக்கி 706 பிரதிகளை 1853இல் பதிப்பாளர் வண்டியேற்றித் திருப்பியனுப்ப, தோரோ அவற்றைத் தானே முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றினார். என்னிடம் சுமார் தொள்ளாயிரம் புத்தகம் கொண்ட நூலகம் இருக்கிறது, அதில் எழுநூற்றுக்கு மேல் நானே எழுதியது என்று அன்றைக்கு எழுதிவைத்தார். பதிப்பாளருக்குக் கட்டவேண்டியிருந்தது 290 டாலர். ஹாதார்ன் கொடுத்த விலைக்கு 41 படகு வாங்கலாம். மூன்று டாலர் மிச்சம்.