சகலை வந்தார், ஊர் பார்த்தேன்

சென்னையில் இருந்து கிளம்பும் முன்பே என் சகலை போனில் கேட்டார்: "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?"

போடிநாயக்கனூரில் ஐம்பத்து மூன்று வருஷமாக இருக்கிறேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னேன்: "மூணாறு இருக்கு."

மூணாறு கேரளத்தில் இருக்கிறது. ஆனால் எந்தப் போடிக்காரனிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும். வெளியூர்க்காரர்கள் இங்கே இறங்கி ஒரு டீ குடிப்பார்கள், மலையைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள், ஏறிவிடுவார்கள். நாங்கள் வழியில் இருக்கிறவர்கள். வழியை யார் சுற்றிப் பார்ப்பார்கள்?

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சென்னை ரயிலில் வந்து இறங்கினார். எனக்கு வரலாறு தெரிந்த ஒரே இடம் ரயில்வே ஸ்டேஷன் என்பதால் அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். 1928-ல் வந்த பாதை. இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில், அகலப்பாதை ஆக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். அப்போது என் மகன் ஏழாம் வகுப்பு. ரயில் திரும்பி வந்தது 2023 ஜூன் 15-ல். அதற்குள் அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

சகலை பாதிக்கு மேல் கேட்கவில்லை. செல்போனில் 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"முதல்ல டாப் ஸ்டேஷன். அங்க எந்த ரயில் நிக்கும் சகலை?"

"1924-லயே வெள்ளத்துல போயிருச்சு."

நம்பாமல் பார்த்தார். உண்மைதான். மூணாறில் இருந்து அந்த மலை உச்சிவரை வெள்ளைக்காரன் தேயிலைக்காகக் குட்டி ரயில் விட்டிருந்தான். உச்சியில் இருந்து கயிற்றுப்பாதையில் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வரும். 1924 வெள்ளத்தில் ரயில் போனது; பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கும் அங்கே போய் ஸ்டேஷனைத் தேடுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது இடம் கொழுக்குமலை. இதில்தான் எனக்கே கொஞ்சம் வெட்கம். எட்டாயிரம் அடிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டம், எங்கள் போடி தாலுகா. ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்துதான். நம் வீட்டு மொட்டைமாடிக்குப் பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஏறிப் போகிற கதை.

பட்டியலில் போடி ஊருக்குள்ளேயே இருந்தது ஒன்றே ஒன்று: ஜமீன் அரண்மனை. லட்சுமி விலாசம் என்ற பகுதியில் சுவரெல்லாம் ராமாயண ஓவியங்கள். வாசலில் டிக்கெட் கவுண்டர் கிடையாது. கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

"ஓவியம் எப்படி சகலை, நல்லா இருக்குமா?"

"பிரமாதமா இருக்கும்" என்றேன்.

நான் பார்த்ததில்லை. தினமும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போகிறேன். எங்கே போய்விடப் போகிறது என்று விட்டதில் ஐம்பத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. நல்லவேளை, சகலைக்குப் பசி வந்துவிட்டது. "திரும்பி வர்றப்ப பார்த்துக்கலாம்" என்றார்.

நான் கணக்கு எழுதும் ஏலக்காய்க் கடைக்குக் கூட்டிப்போனேன். "ஏலம் எப்ப சகலை?" என்று கேட்டார். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. விளைவதும் ஏலம், விற்பதும் ஏலம். ஏலத்தை ஏலம் விட்டுப் பிழைக்கிற ஊர். கூச்சல், கைதூக்கல் எல்லாம் இருக்கும் என்று காமிராவைத் தயாராக வைத்திருந்தார். இப்போது கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்துவதோடு சரி என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னா வாசம்!" என்று மூச்சை இழுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கு ஏலக்காயைக் கணக்கில் எழுதுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. எதிர்க்கடையில் "ரெண்டு ஏலக்காய் டீ" என்றார். மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இஞ்சி வேணா தட்டிப் போடவா?" என்றார்.

மறுநாள் போடிமெட்டு. முந்தலைத் தாண்டியதும் ஏற்றம். மொத்தம் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் வீடியோ எடுத்தார். நான்காவதில் போனை உள்ளே வைத்தார். ஏழாவதில் "இன்னும் எத்தனை?" என்றார். "பத்து" என்று சொல்லியிருக்கக் கூடாது. சட்டைப்பையில் இருந்து ஒரு ஏலக்காயை எடுத்துக் கொடுத்து மெல்லச் சொன்னேன். எங்களை முந்திக்கொண்டு தோட்ட ஜீப் ஒன்று போனது. உள்ளே பத்துப் பதினைந்து பெண்கள், மடியில் தூக்குவாளி. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நல்ல தூக்கம். சகலை அந்த ஜீப்பைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது.

மெட்டில் பனிமூட்டம். கீழே எட்டிப் பார்த்தால் வெள்ளை. அதற்குக் கீழேயும் வெள்ளை. இவ்வளவு தூரம் வந்தவரை ஏமாற்ற மனம் வரவில்லை. வெள்ளைக்குள் விரலை நீட்டி, "அது தேனி, இது போடி, அந்தா தெரியுதே, அதுதான் நம்ம வீடு" என்றேன். மூன்றையும் படம் எடுத்துக்கொண்டார்.

பூப்பாறைப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் இறங்கினோம். ஆளுயரச் செடிகளுக்கு நடுவே நின்று, அண்ணாந்தபடியே சகலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"காயே இல்லையே?"

பக்கத்தில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்: "அண்ணே, காலை எடுங்க. சரத்தை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

ஏலக்காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில் இருந்து சரம் கிளம்பித் தரையோடு ஓடும், காய் அதில்தான். அந்த அம்மா ஒரு சரத்தைத் தூக்கிக் காட்டினார். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. விளைந்த காயை மட்டும் கிள்ளினார், பிஞ்சைத் தொடவில்லை. இப்படி அஞ்சு கிலோ பச்சைக்காய் எடுத்து ஸ்டோரில் உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். சகலை குனிந்து தானும் நாலு காய் கிள்ளினார். மூன்று பிஞ்சு. அந்த அம்மா எதுவும் சொல்லாமல் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழன் ராத்திரி ரயில் ஏறினார். கையில் மூணாறில் வாங்கிய ஏலக்காய்ப் பொட்டலம். விலையைக் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. பட்டியலில் ஒன்பது இடத்துக்கு டிக் விழுந்திருந்தது. "அரண்மனைதான் விட்டுப்போச்சு. பரவாயில்ல, நீங்கதான் பார்த்திருக்கீங்களே" என்றார்.

ரயில் போனதும் வீட்டுக்காரி கேட்டாள்: "ஏங்க, உள்ளே ராமர் என்ன நிறத்துல இருப்பாரு?"

மறுநாள் காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனேன். வாசலில் நின்றிருந்த பெரியவர் கேட்டார்: "எந்த ஊரு தம்பி?"

"மெட்ராஸ்" என்றேன்.