எழுத்துக்கு என்ன ரேட்?

சி.என்.சி. ரவுட்டர் வாங்கிவிட்டீர்கள், வாழ்த்துகள். மெஷின் ஓடத் தொடங்கவில்லை, வங்கித் தவணை ஓடத் தொடங்கிவிட்டது. அக்ரிலிக்கில் கடைப்பெயர் வெட்டிக் கொடுத்து நஷ்டப்படும் கலையை இனி முறையாகப் பயிலலாம்.

முதல் பாடம் விலை. போனில் வருவது ஒரே கேள்விதான்: "அண்ணே, எழுத்துக்கு என்ன ரேட்?" ஷீட் எத்தனை மில்லி, உள்ளே லைட் வேண்டுமா, எத்தனையாவது மாடியில் மாட்ட வேண்டும் என்று திருப்பிக் கேட்டு அவர் மனதைப் புண்படுத்தாதீர்கள். ஊர் வழக்கப்படி ஒரு இன்ச் உயரத்துக்கு இவ்வளவு என்று சொல்லி, எழுத்தின் எண்ணிக்கையால் பெருக்கிவிடுங்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னதைவிட ஒரு ரூபாய் குறைவாகச் சொல்வது முக்கியம். அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற யோசனை வேண்டாம். அவருக்கும் கட்டுப்படியாகவில்லை.

இந்தக் கணக்கின் முழு அழகும் தமிழில்தான் தெரியும். 'மொபைல் ஸ்டோர்' என்று ஒரு போர்டு வருகிறது. வாடிக்கையாளர் விரல்விட்டு எண்ணுவார்: மொ, பை, ல், ஸ், டோ, ர். ஆறு எழுத்து. இலக்கணப்படி அவர் சொல்வது சரி, தொல்காப்பியரே வந்தாலும் உங்கள் பக்கம் பேச மாட்டார். மெஷினுக்கு இலக்கணம் தெரியாது. 'மொ'வுக்குக் கொம்பு, ம, கால் என்று மூன்று துண்டு, 'பை'க்கு இரண்டு, 'டோ'வுக்கு மூன்று, புள்ளி வைத்த மூன்று எழுத்துக்கும் இரண்டிரண்டு. மொத்தம் பதினான்கு. அதே பெயர் ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து, பதினோரு துண்டு, பதினோரு எழுத்துக்கும் காசு. தமிழில் ஆறுக்குக் காசு, பதினான்குக்கு வேலை. அதோடு, கடைகள், நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டு விதிகள் (1948) பெயர்ப்பலகையில் தமிழே மேலோங்கி இருக்க வேண்டும் என்கின்றன. ஆக, நஷ்டம் பெரிய எழுத்தில் வரும்.

1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கு முன் லை, னை, ளை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு ஒரே துண்டாக இருந்தன. அச்சுக் கோப்பவர்களுக்கும் தட்டச்சு செய்பவர்களுக்கும் சுமை குறைந்தது, நல்ல காரியம்தான். ரவுட்டர்காரனை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

உயரத்தையும் பேசி முடிவு செய்துவிடாதீர்கள். 'ஆறு இன்ச்' என்பது க-வின் உயரமா, டீ-யின் சுழியையும் சேர்த்ததா, ழ-வின் வாலையும் சேர்த்ததா என்பது மாட்டிய பிறகு டேப்பை வைத்துக்கொண்டு சண்டையிட வேண்டிய விஷயம்.

அடுத்து ஃபைல். வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான படமே போதும் என்று சொல்லிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து கோரல்டிராவில் ஒவ்வொரு வளைவாக டிரேஸ் செய்யுங்கள். அதற்குக் காசு கேட்பது பண்பாடல்ல. டிசைனர் பாமினி எழுத்துருவில் அடித்து, கர்வ் ஆக்காமல் அனுப்பினால் இன்னும் சிறப்பு: உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் திரையில் ஆங்கில எழுத்துகளின் கூச்சலே தெரியும். பழைய கோரலில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும்.

இப்போது வெட்டு. ஷீட் வாங்கும்போது காஸ்ட் அக்ரிலிக்கா எக்ஸ்ட்ரூடட் அக்ரிலிக்கா என்று பார்க்காமல் விலை குறைந்ததை வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் இளகி, பிட்டைச் சுற்றிச் சவ்வுமிட்டாய்போல அப்பிக்கொள்ளும். பிறகு, பயந்து பயந்து மெதுவாக ஓட்டுங்கள். ஒற்றைப் பல் பிட், நிமிடத்துக்கு 18,000 சுற்று, 1,800 மில்லிமீட்டர் வேகம் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் 0.1 மில்லி சீவல் வரும். வெப்பமும் அந்தச் சீவலோடு வெளியேறும். அதையே 300-இல் ஓட்டினால் பிட் சீவுவதில்லை, தேய்க்கிறது. சுமார் 105 டிகிரியில் அக்ரிலிக் இளகிவிடும். வெட்டிய தடம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டே வரும். நிதானம் எல்லா இடத்திலும் உதவாது.

ஒரு இன்ச் எழுத்து கேட்டாலும் மறுக்காதீர்கள். 3 மில்லி பிட்டால் உள்மூலையைக் கூராக வெட்ட முடியாது, ஒன்றரை மில்லி ஆரத்தில் வளைத்துத்தான் விடும். ஜ, ஞ, ஸ போன்றவற்றின் உள்சுழி பிட்டைவிடக் குறுகலாக இருந்தால் சாஃப்ட்வேர் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கண் மூடிய ஸ-வைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர், "பக்கத்துல லேசர்ல நல்லா வருதே" என்பார். வரும். ஆனால் பி.வி.சி. ஃபோம் ஷீட்டை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி ஆளையும் மெஷினையும் கெடுக்கும். அதற்கு ரவுட்டர்தான் சரி. இதைச் சொல்ல மறந்துவிடுங்கள்.

புள்ளிகளுக்குப் பாலம் விடாமல் வெட்டுங்கள். ஷீட்டிலிருந்து விடுபட்ட அந்த வட்டத்தைப் பிட் சுண்டிவிடும். தூசி உறிஞ்சும் குழாய் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்குக் கடை திறப்பு, முந்தின இரவு பதினொன்றுக்கு ஒரு புள்ளி குறையும். 'மொபைல ஸ்டோர்' என்று எந்த ஐயரும் தேங்காய் உடைக்கச் சம்மதிக்க மாட்டார். எண்கணிதம் பார்ப்பவர் ஆங்கிலப் பெயரில் ஒரு 'ஏ' கூட்டச் சொல்லியிருந்தால் அதுவும் அந்த நேரத்தில்தான் தெரிய வரும்.

நீளமான பலகையையும் அக்ரிலிக்கிலேயே போட்டால், நான்கு மூலையிலும் ஸ்க்ரூவை இறுக்கி முடுக்குங்கள். எட்டடி ஷீட், முப்பது டிகிரி வெயில் ஏற்றத்தில் ஏறத்தாழ 5 மில்லி நீளும். துளையில் இடம் விடாவிட்டால் சித்திரைக்குள் விரிசல்.

இத்தனைக்கும் 'மொபைல் ஸ்டோர்' ஆறு இன்ச்சில் மெஷினில் ஓடும் நேரம் பத்து நிமிடம் சொச்சம். அதை மட்டும் பார்த்த வாடிக்கையாளர், "மெஷின்தானே வெட்டுது?" என்று பாதி விலைக்குப் பேசுவார். நஷ்டப்படுவதில் உறுதியாக இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் எழுத்தை விட்டுவிட்டுத் துண்டுகளை எண்ணுங்கள். டிரேஸ் செய்வது, விளிம்பைச் சுரண்டுவது, ஒட்டுவது, ஏணியில் ஏறுவது எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கூலி எழுதுங்கள். பாதிப் பணம் கைக்கு வராமல் ஷீட்டைத் தொடாதீர்கள். ஒவ்வொரு போர்டுக்கும் நான்கு புள்ளி கூடுதலாக வெட்டி வையுங்கள்.