எட்டாவது வள்ளல்

ஈகைக்குக் கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரோடு கணக்கை மூடியது நம் முன்னோரின் அவசரம். கொஞ்சம் பொறுத்திருந்தால், அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரிலிருந்து உலகத்துக்கு விண்டோஸ் வழங்கும் மைக்ரோசாஃப்ட் பெருமக்களையும் எட்டாவதாகச் சேர்த்திருக்கலாம். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். கொடி அதில் ஏறிப் படர்ந்ததோடு சரி, தேர் எங்கும் போகவில்லை. ரெட்மண்ட்காரர்கள் நமக்கு அருளிய ரிமோட் டெஸ்க்டாப்பும் அந்த வகைத் தேர்தான்.

மாடியறையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைக் கீழே கூடத்தில் உட்கார்ந்தபடியே, வீட்டு நெட்வொர்க் வழியாக இயக்கலாம் என்பது கொடை. 2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. அதை நம்பி இறங்கிய குடும்பங்கள் இன்றுவரை மாடிப்படி ஏறி இறங்கி உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கின்றன.

எக்ஸ்பியில் ஹோம் என்று ஒன்று, புரொஃபஷனல் என்று ஒன்று. வீட்டுக்கென்றே பெயர் வைத்த ஹோம் பதிப்பிலிருந்து அடுத்த கம்ப்யூட்டருக்குள் போகலாம். அதற்குள் மட்டும் யாரும் வர முடியாது. வீடு என்றால் கண்டவர்களும் நுழையக் கூடாது என்ற கட்டுப்பாடு நமக்கே இந்த அளவுக்கு இல்லை. இடையில் எத்தனையோ விண்டோஸ்கள் வந்து போய்விட்டன. இன்றைய விண்டோஸ் 11 ஹோமிலும் அதே கதவு, அதே தாழ்ப்பாள். கொடுத்த வாக்கு மாறாதவர்கள் எங்கே என்று அரசியலில் தேடிச் சலித்தவர்கள் இங்கே வந்து ஆறுதல் அடையலாம்.

'அந்தப் பழைய டப்பா யாருக்கு ஐயா வேண்டும்?' என்று கேட்பவர்கள் சின்ன ஊர் டிடிபி கடைப் பக்கம் போகாதவர்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, அதே 2001-இல் வந்தது. அதில் வடிவமைத்த கல்யாணப் பத்திரிகைகளும் கும்பாபிஷேக மலர்களும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் உட்கார்ந்திருக்கின்றன. புது லேப்டாப்பில் அப்படியே திறந்தால் மாப்பிள்ளை பெயரும் முகூர்த்த நேரமும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறி நிற்கும். அந்த எழுத்துரு மென்பொருளுக்கான பூட்டோ, பழைய பிரிண்டர் கேபிள் செருகும் துளையில்தான் பொருந்தும். புது லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. ஆகவே டப்பா இருந்தே ஆக வேண்டும். அது இருக்கும் அறையில் மின்விசிறி இல்லாததால், அதனிடம் தூரத்திலிருந்து பேச வேண்டும்.

தூங்கும் கம்ப்யூட்டரை எழுப்புவதற்கும் ஒரு திருப்பள்ளியெழுச்சி உண்டு. வேக் ஆன் லேன் என்பார்கள். மந்திரப் பொட்டலம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது: முதலில் ஆறு பைட்டுகள், பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு முகவரி பதினாறு முறை, ஆக 102 பைட்டுகள். அழகான ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. அது பலிக்க வேண்டுமானால் முதலில் கம்ப்யூட்டரின் எதிரில் போய் உட்கார்ந்து, பயாஸுக்குள் நுழைந்து, அனுமதி கொடுத்துவிட்டு வர வேண்டும். தூரத்திலிருந்து எழுப்புவதற்குப் பக்கத்தில் போக வேண்டும் என்பதில் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது.

கரண்ட் போய் வந்த நாளில் இந்த மந்திரமும் செல்லாது. மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி என்றைக்கோ செத்திருக்கும். தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். கொடுத்து வைத்த அனுமதியும் அதோடு போயிருக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், தொடர்வதற்கு எஃப்-1 அழுத்துக என்று நின்றுகொண்டிருக்கும். கீழே லேப்டாப்போ, தொலைவிலுள்ள கம்ப்யூட்டரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, அது அணைக்கப்பட்டிருக்கலாம், நெட்வொர்க்கில் இல்லாமல் இருக்கலாம், அனுமதி இல்லாமல் இருக்கலாம் என்று ஒரே பெட்டியில் எல்லாக் காரணத்தையும் அடுக்கிவிடும். எதையும் விடாமல் சொல்லும் அந்த நேர்மை யாருக்கு வரும்?

அப்போதுதான் அசல் ரிமோட் வேலைக்கு வருகிறது.

"டேய் கண்ணா, மேல போய் எஃப்-ஒன் அமுக்கிட்டு வாடா."

"அமுக்கிட்டேன் பெரியம்மா, ஒண்ணும் ஆகல."

"எதைடா அமுக்கின?"

"எஃப் ஒரு தடவை, ஒண்ணு ஒரு தடவை."

ஒருவழியாக டப்பா எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் நேற்று அதற்குக் கொடுத்த முகவரியை இன்று வேறு யாருக்காவது, பெரும்பாலும் பெரியப்பாவின் போனுக்கு, தானம் செய்திருக்கும். அதையும் தேடிப்பிடித்து உள்ளே நுழையப் போனால், கணக்கில் ஏதோ கட்டுப்பாடு இருக்கிறது, விட முடியாது என்று எக்ஸ்பி சொல்லும். என்ன குற்றம் என்றால், மாடியறைக் கம்ப்யூட்டருக்கு யாரும் கடவுச்சொல் வைக்கவில்லை. கடவுச்சொல் இல்லாத கணக்குக்கு நேரில் வந்தால்தான் தரிசனம், தூரத்திலிருந்து கிடையாது. பாதுகாப்பில் இவ்வளவு கண்டிப்பு இருக்கும்போது குறை சொல்வது பாவம்.

அந்தக் கண்டிப்பின் மகிமை 2019 மே மாதம் உலகத்துக்கே தெரிந்தது. எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஆகியவற்றின் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு ஓட்டை இருப்பதாக மைக்ரோசாஃப்டே அறிவித்தது. புளூகீப் என்று அதற்குப் பெயர் வந்தது. அந்த வழியாக வருகிறவருக்குப் பயனர் பெயர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், கணக்கே வேண்டாம். பொட்டலங்களைச் சரியாகத் தயாரித்து 3389 என்ற போர்ட்டுக்கு அனுப்பினால் போதும். வீட்டுக்காரருக்கு ஆயிரம் கேள்வி, திருடனுக்கு ஒரு கேள்வியும் இல்லை. விருந்தோம்பலில் அறியாதவரை முன்னால் வைப்பது பெரியோர் இயல்பு. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே ஆதரவை முடித்துக்கொண்டிருந்தும், இந்த ஓட்டைக்கு ஐந்து வருஷம் கழித்து ஒட்டுப்போட்டுத் தந்தார்கள். தானாக வந்து சேராது, நாமே தேடிப்போய் இறக்கிக்கொள்ள வேண்டும். வள்ளலைத் தேடிப் புலவர்தானே நடந்து போனார்கள்.

உள்ளே நுழைந்துவிட்டால் மட்டும் என்ன? கீழேயிருந்து ஒருவர் வந்ததும் மேலே வேலை பார்த்துக்கொண்டிருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு சமயத்தில் ஒருவர்தான். பெரியம்மா கீழேயிருந்து நுழைய, மேலே பெரியப்பா பாதி தட்டச்சு செய்த மணமக்கள் பெயரோடு முழிக்க, இரண்டு பேரும் ஒரு வார்த்தை கலந்து பேசியாக வேண்டிய கட்டாயம் வருகிறது. பேச்சுவார்த்தை குறைந்துபோன குடும்பங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

சரி, திரை வேண்டாம், கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று சிலர் எளிமையாக ஆசைப்படுவார்கள். பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்க எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பு ஒன்றுதான். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற பணயக் கிருமி அந்த வழியாகத்தான் ஊர் ஊராகப் போனது; பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இதில் எக்ஸ்பி காட்டிய தியாகத்தை யாரும் பாராட்டவில்லை. ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, கிருமி உள்ளே தொற்றுவதற்கு முன்பே எக்ஸ்பி நீலத்திரை காட்டிச் சாய்ந்துவிட்டது. மானம் போகுமுன் உயிர்விடும் கவரிமான் சாதி. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதல் எஸ்எம்பியைக் கழற்றிவிடத் தொடங்கினார்கள். நியாயமான முடிவுதான். புது லேப்டாப்பும் பழைய டப்பாவும் ஒரே ரவுட்டரில், ஒரே கூரையின் கீழ், முகம் பாராமல் இருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர்களை ஒன்றுசேர்க்க விண்டோஸ் 7-இல் ஹோம்குரூப் என்று ஒன்று கொடுத்தார்கள். எக்ஸ்பியை அதில் சேர்க்கவில்லை. 2018-இல் விண்டோஸ் 10-இலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். பற்று வைக்காதே என்பது கீதை படித்தவர்களுக்கே புரியாதது, இவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

கூடத்துக்கும் மாடியறைக்கும் இடையில் இன்று பிழையில்லாமல் ஓடும் ஒரே நெட்வொர்க், பென்டிரைவை டவுசர் பையில் போட்டுக்கொண்டு ஓடும் கண்ணன்தான். அவனுக்கு அப்டேட் தேவைப்படுவதில்லை, அவ்வப்போது கடலைமிட்டாய் போதும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்து, அதுவும் பெரியோர் வரிசையில் சேர்ந்துவிட்டது. அதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதுசு வாங்கினாலும் பழசை மாடிக்கு ஏற்றாதீர்கள், கூடத்திலேயே இருக்கட்டும்.