குதிரைக்கு நாக்குப் புண்

லீவ் லெட்டர் விஷயத்தில் நாம் யாரும் யோக்கியர்கள் இல்லை. வயிற்று வலியில் ஆரம்பித்து, ஒரே பாட்டியை மூன்று தடவை சாகடித்தவர்கள்தான். ஆனாலும் 1862 அக்டோபரில் அமெரிக்காவில் ஒருவர் அனுப்பிய லீவ் லெட்டருக்கு முன்னால் நாமெல்லாம் எல்.கே.ஜி. அனுப்பியவர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களுக்குத் தளபதியான ஜார்ஜ் மெக்லெல்லன். பெற்றுக்கொண்டவர் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன். எதிரியைத் துரத்திக்கொண்டு போக முடியாததற்குத் தளபதி சொன்ன காரணம்: குதிரைகளுக்கு நாக்கில் புண், களைத்தும் போயிருக்கின்றன!

லிங்கன் ரொம்பப் பொறுமையான மனிதர். அன்றைக்கு மட்டும் பொறுமை கொஞ்சம் கிழிந்துவிட்டது. ‘ஆன்டீட்டம் சண்டைக்கு அப்புறம் உங்கள் குதிரைகள் களைத்துப்போகிற அளவுக்கு என்ன செய்துவிட்டன என்று கேட்டால் மன்னிப்பீர்களா?’ என்கிற அர்த்தத்தில் ஒரு தந்தி அடித்தார். அந்தச் சண்டை முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. குதிரைகளுக்கு நோய் வந்தது என்னவோ நிஜம்தான். அவை கொழுகொழுவென்று இருந்த நாட்களிலும் தளபதி நகரவில்லை என்பதுதான் லிங்கனின் வயிற்றெரிச்சல்.

மொத்தப் போரும் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிமைகளை விடமாட்டோம் என்று அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் தனிக்குடித்தனம் போயின; போகக் கூடாது என்று வடக்கு மறித்தது. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். வடக்கின் தலைநகர் வாஷிங்டன், தெற்கின் தலைநகர் ரிச்மண்ட். நடுவே சுமார் 160 கிலோமீட்டர். இன்றைக்குக் காரில் இரண்டு மணி நேரம், வழியில் காபிக்கு நிறுத்தினால் இரண்டரை. வடக்குப் படைக்கு நாலு வருஷம் பிடித்தது.

மெக்லெல்லனைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். பதினைந்து வயதில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் இடம். வயது போதாதே என்றபோது அவருக்காக விதியையே தளர்த்தினார்கள். 1846-ல் 59 பேரில் இரண்டாவது ரேங்க். அதே வகுப்பில் பதினேழாவதாக வந்த ஆசாமி பிற்பாடு ‘ஸ்டோன்வால்’ ஜாக்சன் என்று எதிரணியில் பெரும்பேர் வாங்கினார். கடைசி ரேங்க்காரர் ஜார்ஜ் பிக்கெட்; இதே போரில் கெட்டிஸ்பர்க் என்ற இடத்தில் நடந்த தாக்குதலுக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ரேங்க் கார்டைக் காட்டிப் பிள்ளைகளை அடிக்கும் பெற்றோர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

1861 ஜூலையில் புல் ரன் என்ற இடத்தில் வடக்குப் படை உதை வாங்கி, தலைதெறிக்க வாஷிங்டனுக்கு ஓடிவந்தது. கூப்பிடு மெக்லெல்லனை! வயது 34. பத்திரிகைகள் ‘இளம் நெப்போலியன்’ என்று எழுதின. நம்மவர் மறுக்கவில்லை. கோட்டுக்குள் ஒரு கையைச் செருகிக்கொண்டு, அசல் நெப்போலியன் போஸில் போட்டோவும் எடுத்துக்கொண்டார். ஏதோ மந்திரம் போட்டது மாதிரி நாட்டின் அதிகாரமே என் கைக்கு வந்துவிட்டது என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். மனைவிக்குத் தினம் கடிதம் எழுதுவது நல்ல பழக்கம். அவற்றை யாரும் பத்திரப்படுத்தாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஏனென்றால் அந்தக் கடிதங்களில் லிங்கனுக்குக் கொரில்லா, பபூன் குரங்கு என்றெல்லாம் பட்டங்கள் கொடுத்திருக்கிறார். நவம்பரில் ஒட்டுமொத்தப் படைகளுக்கும் தலைமைப் பதவி கூடுதலாகக் கிடைத்தது. இரண்டு வேலையும் தாங்குமா என்று லிங்கன் கவலையோடு கேட்டார். எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்று பதில் வந்தது. ஆபீஸில் இப்படிச் சொல்கிறவரின் மேஜையைக் கவனித்திருக்கிறீர்களா? ஃபைல் ஒன்று நகராது.

அந்த நவம்பர் 13-ம் தேதி ராத்திரி லிங்கன், வெளியுறவு அமைச்சர் சீவர்ட், செயலாளர் ஜான் ஹே மூவரும் தளபதி வீட்டுக்கே போனார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார்கள். ஹாலில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் தளபதி வந்தார். ஜனாதிபதி காத்திருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லியும், நேரே மாடியேறிப் போனார். அரை மணி கழித்து மறுபடி சொல்லியனுப்பினார்கள். தளபதி படுத்துத் தூங்கிவிட்டார் என்று பதில் வந்தது!

வார்டு கவுன்சிலருக்கு இப்படிச் செய்துவிட்டு நீங்கள் அந்தத் தெருவில் குடியிருந்துவிட முடியுமா? லிங்கன் கோபிக்கவில்லை. இந்த நேரத்தில் மரியாதை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். வெற்றியைக் கொண்டுவந்தால் போதும், மெக்லெல்லனின் குதிரையை நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றும் சொன்னாராம். குதிரையைப் பிடிக்க ஜனாதிபதி தயார். குதிரையில் ஏறத்தான் ஆளைக் காணோம்.

ஒரு விஷயத்தில் அவருக்கு நூற்றுக்கு நூறு போட்டே ஆகவேண்டும். தோற்று, துவண்டு, வாஷிங்டன் சாராயக்கடைகளில் கிடந்த கும்பலைச் சில மாதத்தில் ராணுவமாக்கினார். சோறு, பூட்ஸ், பயிற்சி, ஒழுங்கு, எல்லாம் வந்தது. அணிவகுப்பு நடக்கிற நாளில் அவர் குதிரையில் போனால் சிப்பாய்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்துவார்கள். அந்த அன்பில் நடிப்பே கிடையாது. அவருக்கும் அவர்கள் மீது உயிர். சிக்கலே அங்கேதான்.

நம் வீடுகளில் டி.வி. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருப்போம். கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட், நல்ல நாளைக்கு ஆகும் என்று முப்பது வருஷமாகப் பரணில் இருக்கும். மெக்லெல்லன் அந்த ஜாதி. படையை அவ்வளவு அழகாகச் செய்து வைத்தவருக்கு, அதில் ஒரு கீறல் விழுவதைப் பார்க்க மனசு வரவில்லை. தளபதி படையை உபயோகிக்கப் போவதில்லை என்றால் நான் கொஞ்ச நாள் இரவல் வாங்கிக்கொள்கிறேனே என்றார் லிங்கன். அக்கம்பக்கத்தில் ஏணி கேட்கிற மாதிரி!

பரணிலிருந்து இறக்காமலிருக்க ஒரு காரணம் வேண்டுமே. அதற்குத்தான் ஆலன் பிங்கர்ட்டன் இருந்தார். பேர்போன துப்பறிவாளர், எதிரிப் படையை எண்ணிச் சொல்வது அவர் வேலை. அவர் தாராளமாக எண்ணுவார், தளபதி அதற்கு மேல் தாராளமாக நம்புவார். 1862 ஜூனில் ரிச்மண்டைக் காத்து நின்ற படை ஏறக்குறைய 90,000. எதிரி இரண்டு லட்சம் என்று வாஷிங்டனுக்குத் தந்தி போனது. ஜோசியரிடம் போகிறவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்பது ஜோசியருக்குத் தெரியாதா?

வாஷிங்டனுக்குப் பக்கத்திலேயே எதிரி மாதக்கணக்கில் பீரங்கிகளோடு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துத்தான் இத்தனை பயம். 1862 மார்ச்சில் அவன் தானாகவே கிளம்பிப் போன பிறகு போய்ப் பார்த்தால், பீரங்கிகளில் பல வெறும் மரக்கட்டைகள்! கறுப்பு பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். இளம் நெப்போலியனைத் தடுத்து நிறுத்திய பெருமை ஒரு பெயின்டருக்குப் போய்ச்சேர்ந்தது.

அதற்கு முந்தைய மாதம் இன்னொரு கூத்து. ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஊரில் ஆற்றின் குறுக்கே பாலம் போடவேண்டும். கால்வாய் வழியாகப் பெரிய படகுகளைக் கொண்டுவந்தார்கள். மதகை நெருங்கினால், படகு நுழையவில்லை. ஆறு அங்குலம் அகலம் அதிகம். தளபதியின் பழைய உத்தியோகம் என்ன தெரியுமா? ரயில்வேயில் சீஃப் இன்ஜினியர்!

ஒருவழியாகக் கிளம்பினார். கிளம்பினால் பிரம்மாண்டம்தான். சுமார் 1,20,000 பேர், பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரை, கோவேறு கழுதை வகையறா, நூற்றுக்கணக்கான கப்பல்கள். ரிச்மண்டுக்குக் கடல் வழியாகச் சுற்றிப் போய் வர்ஜீனியா தீபகற்பத்தில் இறங்கினார்கள். யார்க்டவுனில் எதிரே நின்ற தெற்குத் தளபதி மக்ரூடரிடம் சுமார் பதின்மூவாயிரம் பேர்தான். ஆனால் மக்ரூடர் நாடகப் பைத்தியம். இருந்த சிப்பாய்களையே மரங்களுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி நடக்கவைத்தார். கிராமத்து நாடகத்தில் நாலு பேரே கௌரவர் சேனையாக நுழைந்து, திரைக்குப் பின்னால் ஓடி, மறுபடி நுழைவார்களே, அதே டெக்னிக். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகூட ‘இதே மாமா அப்பவே வந்தாரே’ என்று கண்டுபிடித்துவிடும். தளபதி கண்டுபிடிக்கவில்லை.

ஒரு மாதம் முற்றுகை. ராட்சசப் பீரங்கிகளை இழுத்துவந்து, மேடை கட்டி, கோணம் பார்த்து, நாள் குறித்தார். சுட வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிரி ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டுப் போயிருந்தான். முகூர்த்தம் தப்பாமல்தான் எல்லாம் நடந்தது. மாப்பிள்ளையைத்தான் காணோம்.

பிறகு ரிச்மண்டின் சர்ச் மணி காதில் விழுகிற தூரம் வரை போனார்கள். அங்கே ராபர்ட் லீ தெற்குப் படைக்குத் தலைமையேற்று ஏழு நாள் தொடர்ந்து அடித்தார். அந்தச் சண்டைகள் பலவற்றில் மெக்லெல்லனின் ஆட்கள் அசையாமல் நின்றார்கள். நின்ற கையோடு பின்வாங்கும்படி உத்தரவு வந்தது. அதற்குத் தளபதி வைத்த பெயர் ‘தளம் மாற்றம்’. வாடகை பாக்கியோடு ராத்திரியில் வீடு மாறுகிறவர்கள் இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒருநாள் நள்ளிரவில் போர் அமைச்சருக்குத் தந்தி அடித்தார். இந்தப் படையை நான் காப்பாற்றினால் அதற்கு உங்களுக்கோ வாஷிங்டனில் வேறு யாருக்குமோ நன்றிக்கடன் கிடையாது, இதைப் பலிகொடுக்க உங்களால் ஆனதையெல்லாம் செய்தீர்கள் என்கிற தொனியில் கடைசி வரிகள். வாஷிங்டன் தந்தி ஆபீஸ் மேலாளர் படித்துவிட்டு நடுங்கிப்போய், அந்த வரிகளை வெட்டிவிட்டு மீதியைக் கொடுத்தனுப்பினார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபேமிலி குரூப்பில் டைப் பண்ணுகிற நமக்கு அப்படி ஒரு புண்ணியவான் வாய்க்கவில்லையே!

சரி, அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது வராதா? வந்தது, சுருட்டு வடிவத்தில். 1862 செப்டம்பர் 13, மேரிலாந்தில் ஒரு வயல். சிப்பாய் ஒருவர் கண்ணில் ஒரு காகிதப் பொட்டலம் பட்டது. பிரித்தால் உள்ளே மூன்று சுருட்டு. சுற்றியிருந்த காகிதம், லீ தன் படையைத் துண்டு துண்டாகப் பிரித்து எங்கெங்கே அனுப்புகிறார் என்ற ரகசிய உத்தரவு! பரீட்சைக்கு முந்தின நாள் கேள்வித்தாள் கையில் கிடைத்தது மாதிரி. இதை வைத்துக்கொண்டு லீயை அடிக்க முடியாவிட்டால் நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று தளபதி குதித்தார். குதித்துவிட்டு, படை சரியாகக் கிளம்ப அடுத்த நாள் ஆனது.

17-ம் தேதி ஆன்டீட்டம் ஓடைக்கரையில் சண்டை. லீயிடம் 40,000-க்கும் குறைவு. மெக்லெல்லனிடம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் ஒரு பெரிய பங்கை ‘ஆபத்துக்கு உதவும்’ என்று கடைசிவரை களத்தில் இறக்கவே இல்லை. டின்னர் செட்! சாயங்காலம் லீ கிட்டத்தட்ட முடிந்துபோன நேரத்தில், 27 கிலோமீட்டர் நடந்துவந்து பக்கவாட்டில் பாய்ந்து காப்பாற்றினார் ஏ.பி. ஹில் என்ற தளபதி. இந்த ஹில் யாரென்றால், மெக்லெல்லனின் ஹாஸ்டல் ரூம்மேட். மெக்லெல்லனின் மனைவி எலன் முதலில் ஆசைப்பட்டதும் இவரைத்தான். பெண் வீட்டார் மறுத்துவிட்டார்கள். ஹில் வந்து மோதும்போதெல்லாம், அந்தம்மா இவரையே கட்டியிருக்கக் கூடாதா என்று வடக்குச் சிப்பாய்கள் தலையில் அடித்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

அந்த ஒரே நாளில் இருபக்கமும் செத்தவர்கள், காயப்பட்டவர்கள், காணாமல்போனவர்கள் சுமார் 23,000 பேர். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாள் சண்டையில் இவ்வளவு ரத்தம் கொட்டியதில்லை. இந்த இடத்தில் சிரிக்க எதுவுமில்லை. அடிபட்ட லீ மறுநாள் முழுக்க எதிரிலேயே நின்றிருந்தார், தளபதி தொடவில்லை. ராத்திரி லீ ஆற்றைக் கடந்து போய்விட்டார். சண்டையைப் பிரமாதமாக நடத்தியதாக விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள் என்று மனைவிக்குக் கடிதம் போனது.

விதி வேறு கணக்கு போட்டிருந்தது. அடிமை முறையில் கைவைக்கக் கூடாது என்று லிங்கனுக்கே கடிதம் எழுதி அட்வைஸ் செய்தவர் மெக்லெல்லன். லிங்கனோ விடுதலைப் பிரகடனத்தை மேஜையறையில் பூட்டி வைத்துக்கொண்டு, வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வராதா என்று காத்திருந்தார். ஆன்டீட்டம் அரைகுறை வெற்றிதான். அது போதும் என்று ஐந்தே நாளில் அறிவித்துவிட்டார். யார் வேண்டாம் என்றாரோ, அவர் தோளில் ஏறியே அந்தப் பிரகடனம் வந்தது.

அப்புறம்தான் குதிரை நாக்கு. நவம்பர் 7-ம் தேதி ராத்திரி, பனி கொட்டும்போது, கூடாரத்துக்கு டிஸ்மிஸ் ஆர்டர் வந்தது. விடைபெறும்போது சிப்பாய்கள் அழுதார்கள். நிஜமான கண்ணீர்.

1864-ல் லிங்கனையே எதிர்த்துத் தேர்தலில் நின்றார். கட்சி அறிக்கை, போர் தோற்றுவிட்டது, நிறுத்துவோம் என்றது. வேட்பாளரோ போரைத் தொடர்வேன் என்றார். போர் நடக்கிற காலமெல்லாம் போருக்குப் போகாதவர், நிறுத்தச் சொன்னபோது மாட்டேன் என்கிறார்! தேர்வாளர் வாக்குகளில் லிங்கனுக்கு 212, இவருக்கு 21. கண்ணீர்விட்ட சிப்பாய்கள்? பத்தில் ஏழு பேருக்கு மேல் லிங்கனுக்குக் குத்தினார்கள். பாசம் வேறு, ஓட்டு வேறு. நமக்கா தெரியாது?

பிறகு நியூ ஜெர்சி கவர்னரானார், சுயசரிதை எழுதினார், 1885-ல் 58 வயதில் காலமானார். வாஷிங்டனில் அவருக்குச் சிலை இருக்கிறது. குதிரைமேல்தான்.

ஆனாலும் அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பிற்பாடு வந்த வடக்குத் தளபதி கிரான்ட் கடைசியில் லீயை வளைத்துப் பிடித்தது, மெக்லெல்லன் பழக்கிய அதே பொட்டோமாக் படையை வைத்துத்தான். இன்னொன்றும் உண்டு. போருக்கு முன்னால், ஐரோப்பிய ராணுவங்களைப் பார்த்துவிட்டு வந்து, குதிரைக்கு ஒரு சேணம் வடிவமைத்தார். விலை மலிவு, எடை குறைவு, குதிரையின் முதுகை உறுத்தாது. 1859-ல் ஏற்றுக்கொண்ட ராணுவம், குதிரைப்படை இருந்த காலம் வரை அதை விடவில்லை.

1865 ஏப்ரல் 3-ம் தேதி வடக்குக் குதிரைவீரர்கள் ரிச்மண்டுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தது மெக்லெல்லன் சேணத்தில். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார்.