மீனுக்கு என்னடே அவசரம்?

வாடே பேராண்டி, வந்து உக்காரு. கண்ணாடித் தொட்டி வாங்கியாச்சு, லைட்டு வாங்கியாச்சு, ஃபில்டரு, ரெண்டு பை மண்ணு, கூடவே ஒரு ஹீட்டரு. ஹீட்டரு எதுக்கு ராசா? மே மாசத்து மெட்ராசுல மீனுக்குக் குளிரும்னு கடைக்காரர் சொன்னாராக்கும்? கெட்டிக்காரர். அவர் பிள்ளைக நல்லாப் படிச்சிரும். நமக்குத் தொல்லையே சூடுதான். தண்ணி 30 டிகிரியத் தாண்டுச்சுன்னா அதுல ஆக்சிஜன் நிக்காது, பாதிச் செடி சொணங்கிப் போகும். அதத் திருப்பிக் குடுத்துட்டு, தண்ணி மேல காத்துப் படுதாப்புல ஒரு சின்ன ஃபேன மாட்டு. ஆவியாகும்போது ரெண்டு மூணு டிகிரி எறங்கும். வத்துன தண்ணிய மறுநா ஊத்திக்கிட வேண்டியதுதான்.

மடை தெறந்து மடை அடைச்சே தலை நரைச்ச கெழவனுக்குக் கண்ணாடித் தொட்டியப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்க. நெனைச்சுக்கோ. நீ குறட்டை விட ஆரம்பிச்ச பெறகு உன் போன யாரு பாக்கான்னு நெனைச்ச?

தொட்டிய எங்க வச்சிருக்க? டீப்பாய் மேல, அதுவும் சன்னலோரமா. பேஷ். ரெண்டடி நீளம், ஒரடி அகலம், ஒரடி உயரம். நெறைச்சா சுமாரா 54 லிட்டர், அதாவது 54 கிலோ தண்ணி. மண்ணு, கல்லு, கண்ணாடி எல்லாஞ் சேந்தா 70 கிலோவத் தாண்டும். தண்ணி ஊத்துறதுக்கு முந்தி நீ ஒருக்கா அந்த டீப்பாய் மேல ஏறி உக்காந்து பாரு. கால் ஆடாம இருந்தா சரி. சன்னலு மட்டும் வேண்டாம். வெயில் நேரா அடிச்சா ஒரே வாரத்துல தண்ணி பச்சையாப் போயிரும். அதப் பாத்துட்டு உன் பொண்டாட்டி, 'தாத்தா ஊருக் கண்மாயே வீட்டுக்கு வந்திருச்சே'ம்பா. எனக்குச் சந்தோசந்தான், உனக்குத்தான் மானக்கேடு.

ஓடையில பொறுக்கிட்டு வந்த கல்ல எடு. நம்ம கரிசக்காட்டுக் கல்லுல பாதி சுண்ணாம்பு. அது தண்ணிய மேலும் கடுசாக்கிப்புடும். ஒரு எலுமிச்சம்பழத்த அறுத்து நாலு சொட்டு அது மேல பிழிஞ்சுட்டுக் காதக் கிட்டக் கொண்டுபோ. உஸ்ஸுன்னு பொங்குதா? அது தொட்டிக்கு ஆகாது. பொங்காத கல்லு போதும், மூணே மூணு. பெரிசக் கொண்டுபோய் நட்ட நடுவுல சாமியா நட்டு வைக்காத, ஒரு பக்கமாத் தள்ளிச் சாய்ச்சு வையி. மத்த ரெண்டும் அதுக்கு அடங்கி நிக்கணும். ஜப்பான்காரன் வழக்கம் அதான்.

ஜப்பான்னதும் உனக்குக் கண்ணு மின்னுதே. அமானோ படத்தத்தான போன் முகப்புல வச்சிருக்க? தகாஷி அமானோ நிகாட்டாவுல 1954-ல பொறந்தவர், சைக்கிள் பந்தயம் ஓட்டிச் சம்பாதிச்சவர், பெறகு போட்டோக்காரர், 1982-ல செடித் தொட்டிச் சாமானுக்குன்னே கம்பெனி ஆரம்பிச்சவர். 2015-ல கண்ண மூடுறதுக்குக் கொஞ்சம் முந்தி லிஸ்பன்ல 40 மீட்டர் நீளத்துக்கு, 1,60,000 லிட்டர் தண்ணியில ஒரு காட்டையே நட்டு வச்சிட்டுப் போனார். அந்தக் காட்ட நீ 54 லிட்டர்ல, வார ஞாயித்துக்கிழமைக்குள்ள, சொந்தக்காரங்க வர்றதுக்கு முந்தி முடிச்சிரணும். முடிச்சிருவ. நீ யாரு!

மண்ணுக்குப் பைக்கு இம்புட்டுன்னு குடுத்திட்ட. போகட்டும். அமெரிக்காவுல டயானா வால்ஸ்டாட்னு ஒரு அம்மா 1999-ல புத்தகமே எழுதியிருக்கு: சாதாரணத் தோட்டத்து மண்ண ஒரு அங்குலத்துக்குப் பரத்தி, அது மேல ஒரு அங்குலம் பொடிக்கல்லப் போட்டா, நெறையச் செடிக்கு அதுவே போதும்னு. உடனே மண்ணுன்னா தொழு உரமும் வேணும்னு என் குப்பைக்குழிப் பக்கம் போயிராத. ஒரு கை எரு போதும், தொட்டி நாறிப் போகும்.

இப்ப செடி. நீ செகப்புச் செடியா விரல் வச்சுக் காட்டுத. அதுக்கு வெளிச்சமும் வேணும், கார்பன் டை ஆக்சைடு கேஸும் வேணும், பணிவிடையும் வேணும். மொதத் தொட்டிக்கு ஒழைக்கிற செடியாப் பாரு. அனுபியாஸ் இருக்கு, ஜாவா ஃபெர்ன் இருக்கு; ரெண்டையும் மண்ணுக்குள்ள பொதைக்காத, தண்டுக் கிழங்கு அழுகிரும், கல்லுல இல்ல கட்டையில நூலு வச்சுக் கட்டு. வரப்போரம் ஆடு மேயுற நீர்ப்பிரம்மியே கடையில பகோபான்னு கொத்துக் கொத்தா விக்கி. அது நல்ல செடி, வாங்கு, பேரம் மட்டும் பேசு.

கிரிப்டோகோரைன்ல வெண்ட்டின்னு ஒண்ணு, பூர்வீகம் சிலோன். நட்டு ஒரு வாரத்துல இல பூரா கண்ணாடியா வெளுத்து, தொட்டா வழவழன்னு கூழாக் கரைஞ்சு போகும். நீ 'ஏமாத்திட்டானுவ'ன்னு பிடுங்கி எறியப் போற. எறியாத. இடம் மாறுனா, தண்ணி மாறுனா அந்தச் செடி அப்படித்தான் பண்ணும். கரைஞ்ச இலையக் கத்திரிச்சு எடுத்திரு, வேர மட்டும் தொடாத. கொஞ்ச நாள் கழிச்சு நடுவுல ஊசி மொனையா ஒரு குருத்து கிளம்பும். அதுக்குப் பெறகு நீயே நெனைச்சாலும் அத அழிக்க முடியாது.

சரி, மீனு. பத்து நிமிசத்துல மூணு தடவ கேட்டுட்ட. புதுத் தொட்டியில மொத நாளே மீன விடுறது பூச்சுக் காயாத வீட்டுல பால் காய்ச்சுறாப்புல. மீனு பேளும், போட்ட தீனி மிச்சம் அழுகும், அம்மோனியா வரும். அது மீனுக்கு வெசம். ஒரு சாதிக் கிருமி அத நைட்ரைட் ஆக்கும், அதுவும் வெசந்தான். இன்னொரு சாதி வந்து அத நைட்ரேட்டா மாத்தணும், அப்பத்தான் மீனு பொழைக்கும், அந்த நைட்ரேட்டச் செடியும் தின்னும். இந்த ரெண்டு சாதியும் ஃபில்டர் பஞ்சுல குடியேற நாலுலருந்து ஆறு வாரம் ஆகும். புது மண்ணும் தன் பங்குக்கு அம்மோனியாவக் கக்கும். அதனால ஆரம்பத்துல ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா பாதித் தண்ணிய மாத்து. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமா இல்லன்னு சோதனைக் குப்பி காட்டுற வரைக்கும் வெறும் தண்ணியப் பாத்துக்கிட்டு இரு. 'காலித் தொட்டிய என்ன பாக்குத?'ன்னு எதிர் வீட்டுக்காரர் கேட்டா, கிருமி வளக்கேன்னு சொல்லு. அடுத்த மாசம் வரைக்கும் கைமாத்துக் கேட்டு வரமாட்டார்.

குடியேறுன பெறகாவது சும்மா இருப்பியா? உன் அம்மை வழி. பஞ்சக் குழாயடியில வச்சுப் பளபளன்னு கசக்குவ. குழாத் தண்ணிக் குளோரின் அம்புட்டுக் கிருமியையும் கொன்னுரும். தொட்டியில எறைச்ச தண்ணியிலயே ரெண்டு அலசு அலசிட்டு மாட்டு. புதுத் தண்ணி ஊத்தும்போது குளோரின் முறிக்கிற சொட்டு மருந்தப் போட்டு ஊத்து.

1850-ல வாரிங்டன்னு லண்டன்ல ஒரு ரசாயனக்காரர் இந்தப் பாட்டத்தான் பட்டிருக்கார். கண்ணாடிப் பாத்திரத்துல ரெண்டு தங்க மீனு, ஒரு வாலிஸ்னேரியாச் செடி. பழுத்த இல அழுகித் தண்ணி கலங்கிப் போச்சு. மனுசன் அஞ்சாறு குளத்து நத்தையப் பிடிச்சு விட்டார், அதுக அழுகலத் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சு போச்சு. நீ நத்தையப் பாத்தா மருந்தத் தேடுத.

லைட்டு ஆறு மணி நேரம் போதும், பாசி பிடிக்குதான்னு பாத்துக்கிட்டு எட்டு வரைக்கும் ஏத்திக்கோ. டைமர் மாட்டிரு, உன்ன நம்ப முடியாது. மொத வாரங்கள்ல கண்ணாடியில காவி படியும். தொடச்சு விடு, தன்னால அடங்கும். கேஸு சிலிண்டர் இப்ப வேண்டாம். செலவு கம்மின்னு பாட்டில்ல சர்க்கரைத் தண்ணியும் ஈஸ்ட்டும் போட்டுக் குழாய் விடுறேன்னியே, விடு. எங்க காலத்துல அதே சரக்குக்குத்தான் போலீஸு தேடி வந்துச்சு. ஆனா அது ராத்திரியும் பொங்கிக்கிட்டேதான் இருக்கும். லைட்ட அணைச்சா செடியும் ஆக்சிஜனத்தான் இழுக்கும். காலையில மீனு மேல வந்து வாயப் பொளந்தா, அது உனக்கு வணக்கம் சொல்லலன்னு தெரிஞ்சுக்கோ.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லாமச் சொல்லுதேன். தொட்டிய அதுவே கழுவிரும்னு சக்கர் மீனக் கையில குடுப்பாங்க, வாங்காத. இப்ப விரலளவு இருக்கும், வளந்தா ஒரடிக்கு மேல போகும், செடியப் பிடுங்கிப் போடும். பெறகு பாவம்னு கொண்டுபோய் ஏரியில விடுவ. தென்னமெரிக்கா மீனு அது, நம்ம ஏரி குளத்துல பெருகிக் கெடக்கு. வலையக் கிழிக்குது, வித்தா வாங்க ஆளில்ல. கண்மாயில எவனாச்சும் அத விட்டா நான் சும்மா விடமாட்டேன், பேரன்னும் பாக்கமாட்டேன். பாசி திங்க நத்தை போதும், நாலு எறா போதும். அமானோவும் எறாவத்தான் விட்டார்.

ஞாயித்துக்கிழமை கொளத்தூர் மீன் கடைக்குப் போ, செடிய மட்டும் வாங்கிட்டு வா. உன் வீட்டுத் தண்ணி கடுசு, அதுக்குக் கப்பியும் மோலியும் ஒத்துக்கிடும். அஞ்சாறு போதும். அத வாங்க அடுத்த மாசம் என்னையும் கூட்டிட்டுப் போ. பணத்த நீ எடுத்துக்கோ, எண்ணிக்கைய நான் பாத்துக்கிடுதேன்.