பாறை வழுக்கும், பதில் வழுக்காது

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அருவியைப் பற்றியவை. பள்ளி விடுமுறை வருகிறது, எல்லோருக்கும் தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது. பட்டிப்பொலவிலிருந்து பதில்கள் இதோ.

கே: விக்டோரியா நீர்வீழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆப்பிரிக்க அருவிகளுக்கும் நம் மலைநாட்டுக்கும் ஏதாவது உறவு உண்டா? – உயர்தர மாணவி, ஹட்டன்

ப: உண்டு தங்கச்சி, ஒரு மனிதர் வழியாக. ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் பெயர். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் பண்ணை போட்டுக் குடியேறியவர். 1855இல் இலங்கையை விட்டுப் போனார். அதே ஆண்டு நவம்பரில் டேவிட் லிவிங்ஸ்டன் சாம்பேசி ஆற்றில் விக்டோரியா நீர்வீழ்ச்சியைப் பார்த்தார். அந்தக் கரையில் வாழ்ந்த மக்களுக்கோ அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த அருவி.

பேக்கரும் பிறகு ஆப்பிரிக்கா போனார். துணைவி ஃப்ளோரன்சுடன் நைல் நதியைத் தேடி நடந்து, 1864இல் ஆல்பர்ட் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பயணத்தில்தான், இன்றைய உகண்டாவில் இருக்கும் ஒரு பேரருவிக்கு மேர்ச்சிசன் என்று பெயர் வைத்தார். நைல் நதி ஏறத்தாழ 7 மீற்றர் அகலமே உள்ள பாறை இடுக்கில் நுழைந்து, 40 மீற்றருக்கு மேல் கீழே விழும் இடம் அது. நம் பேக்கர் நீர்வீழ்ச்சியின் உயரம் 20 மீற்றர். அளவில் தங்கை, உறவில் அக்கா: பேக்கர் முதலில் பார்த்தது நம்முடையதைத்தான்!

கே: யானைகளைச் சுட்டுத் தள்ளியவர் பெயர் அந்த அருவிக்கு எதற்கு? – ஆசிரியர், நானுஓயா

ப: நியாயமான கோபம், சேர். பேக்கர் பெரிய வேட்டைக்காரர். இலங்கையில் தான் ஆடிய வேட்டைகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். ஒரு காலத்தில் ஹோர்ட்டன் சமவெளியில் யானைகள் திரிந்தன, இன்று ஒன்றுகூட இல்லை. வெள்ளைக்காரர் காலத்து வேட்டையும், காட்டை வெட்டிப் போட்ட தோட்டங்களும் அவற்றை மேலிருந்து துடைத்துவிட்டன. மிஞ்சியிருப்பது மரைக் கூட்டம்.

பெயரை மாற்றுவதா வேண்டாமா என்பதை ஊர் பேசி முடிவெடுக்கட்டும். மாணவர்களை அங்கே கூட்டிப்போகும் நீங்கள் முழுக் கதையையும் சொல்லுங்கள். அருவியைப் பார்த்தவர் யார், யானை எங்கே போனது, காட்டை அழித்த தோட்டத்தில் வேலைக்கு யாரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அது சரித்திர பாடம். ஒன்றை மட்டும் சொன்னால் பெயர்ப் பலகை.

கே: குடும்பத்தோடு கோச்சியில் வந்து ஹோர்ட்டன் சமவெளி பார்க்க வேண்டும். எப்படி? – வாசகர், கொட்டகலை

ப: பட்டிப்பொல இலங்கையிலேயே உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம். இங்கிருந்து ஒஹிய பக்கம் கொஞ்சம் போனால் 6226 அடி என்று எழுதிய உச்சிப் பலகை நிற்கும், அதைத் தாண்டிச் சுரங்கம். ஆனால் அண்ணே, பகல் கோச்சியில் வந்து இறங்கி அன்றைக்கே மேலே போனால் பனிமூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். முதல் நாளே வந்து தங்குங்கள். காலை 6 மணிக்கு வாசலில் நிற்கிற மாதிரி ஜீப்போ வேனோ பேசி வையுங்கள்.

உள்ளே நடை ஒரு வட்டம், சுமார் 9 கிலோமீற்றர். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி மூன்றும் அந்த ஒரே வட்டத்தில் வந்துவிடும். உலக முடிவில் மலை ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. பத்து மணிக்கு முன் போய்ச் சேராவிட்டால் எதிரே வெள்ளைத் திரைதான். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு, குளிரும் அதிகம், சில காலைகளில் புல்லில் உறைபனி இருக்கும். வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள்.

இன்னொன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டையும் ரயில் பாதையையும் எப்படிச் சிதைத்தது என்று நமக்குத் தெரியும். புறப்படும் முன் கோச்சி ஓடுகிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: ஆப்பிரிக்காவில் அருவியின் விளிம்பிலேயே குளிக்கிறார்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியில் கால் நனைத்தால்கூட ஏன் திட்டுகிறார்கள்? – இளைஞர், தலவாக்கலை

ப: தம்பி, நீங்கள் சொல்வது சாம்பியா பக்கத்தில் இருக்கும் ‘சாத்தான் குளம்’. விக்டோரியா நீர்வீழ்ச்சி 1,708 மீற்றர் அகலம், 108 மீற்றர் உயரம். அதன் உதட்டில் பாறைத் தடுப்போடு ஒரு குளம் இருக்கிறது. அங்கே இறங்கலாம். ஆனால் ஆறு வற்றும் மாதங்களில் மட்டும், அதுவும் வழிகாட்டியோடு மட்டும். ஆறு பெருகினால் யார் போய்க் கெஞ்சினாலும் மூடிவிடுவார்கள். படத்தில் சிரிக்கிற முகம் தெரிகிறது, பக்கத்தில் நிற்கிற வழிகாட்டியின் கண் தெரிவதில்லை.

பேக்கர் நீர்வீழ்ச்சியின் கீழே இருப்பது ஆழமான சுழல். தண்ணீர் ஐஸ் மாதிரி. நீச்சல் தெரிந்தவருக்கும் அந்தக் குளிரில் மூச்சு அடைத்து, கை கால் பேச்சைக் கேட்காது. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் இறங்கத் தடை. வனசீவராசிகள் திணைக்களத்து ஆள் திட்டினால் ஒரு நன்றி சொல்லுங்கள். அவர் உங்கள் அம்மா சார்பில் திட்டுகிறார்.

கே: மழையே பெய்யவில்லை, திடீரென்று ஆறு பெருகியது. இது எப்படி? – வாசகி, பொகவந்தலாவை

ப: உங்கள் தலைக்கு மேல் பெய்யவில்லை அக்கா, மேல் மலையில் பெய்திருக்கும். நம் ஓயாக்கள் செங்குத்தான சரிவில் ஓடுகின்றன. மேலே கொட்டிய மழை கொஞ்ச நேரத்தில் கீழே வந்துவிடும். முன்கூட்டியே அடையாளம் தெரியும். தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். இரைச்சல் கூடும். கொஞ்சம் முன் உட்கார்ந்த கல் நனையும். நான்கில் ஒன்றைக் கண்டாலே பிள்ளைகளைக் கரையேற்றுங்கள், துணியையும் செருப்பையும் பிறகு தேடலாம்.

மழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். இதில் எந்த நிறம் வந்தாலும் அருவிப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கே: சாம்பேசியில் ரப்பர் படகில் குதித்துப் போவது போல இங்கேயும் முடியுமா? – நண்பர்கள் குழு, மஸ்கெலியா

ப: கித்துல்கலவுக்குப் போங்கள். 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலத்தைக் கட்டி உடைத்த இடம். சாம்பேசியின் பட்டோகா பள்ளத்தாக்கில் ஐந்தாம் தரம் வரை வேகம் இருக்கும், அது பயிற்சி பெற்றவருக்கே சவால். கித்துல்கலவில் பெரும்பாலும் இரண்டு, மூன்றாம் தரம். முதல் தடவை போகிறவருக்கு அதுவே போதும், அலறல் தாராளமாக வரும்.

அந்தத் தண்ணீர் உங்களுடையது என்பது தெரியுமா? மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. மவுசாக்கலையிலும் காசல்ரியிலும் தேங்கி, மின்நிலையங்கள் வழியாக இறங்கி வரும் தண்ணீரில்தான் படகு போகிறது. எப்போது திறக்கிறார்களோ அதைப் பொறுத்து வேகமும் மாறும். ஆகவே அன்றைய நீர்மட்டத்தை உள்ளூர் வழிகாட்டியிடம் கேளுங்கள். தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் கொடுக்காத படகில் இலவசமாகக்கூட ஏறாதீர்கள்.

கே: சென் கிளேயர் நீர்வீழ்ச்சி முன்போல இல்லையே? – ஓய்வுபெற்ற தொழிலாளி, தலவாக்கலை

ப: உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது ஐயா. 80 மீற்றர் உயரத்தில் அகன்று விழுந்ததால் ‘இலங்கையின் குட்டி நயாகரா’ என்று பெயர் வாங்கிய அருவி. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம், தலவாக்கலையில் ஆற்றை மறித்துத் தண்ணீரைச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. அருவி செத்துவிடக் கூடாது என்று மலையகத்தில் எழுந்த குரலால்தான், பகல் நேரத்தில் ஓரளவு நீரை விட வேண்டும் என்ற ஏற்பாடாவது வந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்தத் திட்டத்துக்காக இடம் மாறின.

சாம்பேசியிலும் இதே வழக்கு. பட்டோகா பள்ளத்தாக்கில் அணை கட்ட சாம்பியாவும் சிம்பாப்வேயும் திட்டம் வைத்திருக்கின்றன. அது எழுந்தால் படகோட்டும் வேக நீர் ஏரிக்குள் மூழ்கும், அதை நம்பிய வழிகாட்டிகளின் பிழைப்பும் மூழ்கும். நமக்கு மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. அருவிக்குச் சேர வேண்டிய பங்கை அருவிக்குக் கொடுப்பதும் அதே கணக்கில் ஒரு வரி. அந்த வரியை அழிக்க விடக் கூடாது.

கே: காசு செலவில்லாமல் பார்க்கக்கூடிய அருவி? – வாசகி, நோர்வூட்

ப: ஹட்டன்–நுவரெலியா பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடியுங்கள். 97 மீற்றர் டெவோனும், சென் கிளேயரும் பாதையிலிருந்தே தெரியும். கண்டிப் பாதையில் போனால் 109 மீற்றர் ரம்பொடை. இறங்கிப் பார்ப்பதானால் பாதுகாப்பு வேலிக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள்.

கே: அட்டை? – பெயர் சொல்ல விரும்பாத பயந்தவர், கொழும்பு

ப: உப்பு, எலுமிச்சை, சவர்க்காரம் எல்லாம் உதவும். காற்சட்டையின் கீழ்ப்பக்கத்தைக் காலுறைக்குள் விடுங்கள். எங்கள் அம்மாமார் கொழுந்து மலையில் தினமும் அட்டையோடுதான் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் நீங்களும் பழகிப் பாருங்கள், தேநீரின் அருமை கூடும்.

கே: என் மகன் வேலைக்குக் கொழும்புக் கடைக்குப் போகிறேன் என்கிறான். வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுவதும் ஒரு வேலையா? – தோட்டத் தொழிலாளி, அம்பேவல

ப: இந்த முறை வந்ததில் எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது, அக்கா. வேலைதான், மதிப்பான வேலை. விக்டோரியா நீர்வீழ்ச்சியின் இரு கரையிலும் ஊர்ப் பிள்ளைகள் படகோட்டியாகவும், மலை வழிகாட்டியாகவும், உயிர்காப்பாளராகவும் பயிற்சி பெற்று அதில் வீடு நடத்துகிறார்கள். நம் மலைக்கும் உலகம் வருகிறது. அதைக் கூட்டிப்போகிறவர்களில் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பாருங்கள், மனம் கனக்கும்.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுக்கிறது. நாடு முழுவதற்கும் தேசிய வழிகாட்டி, ஒரு பகுதிக்கு மட்டும் பிரதேச வழிகாட்டி, ஓர் இடத்துக்கு மட்டும் தல வழிகாட்டி என்று வகை உண்டு. மகன் சின்ன வகையில் தொடங்கட்டும். சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழகட்டும். முதலுதவியும் நீச்சலும் கற்கட்டும். மீதிப் பாடம் அவன் பிறந்ததிலிருந்தே படித்தது: எந்தப் பாறை வழுக்கும், எந்த மேகம் பொழியும், எந்த நேரத்தில் மூட்டம் ஏறும். அதை எந்தக் கல்லூரியும் நான்கு மாதத்தில் சொல்லிக் கொடுக்காது.

கடை வேலை வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கட்டும், அதன் பிறகு பஸ் ஏறட்டும். பிரதேச சபையும், தோட்ட நிர்வாகமும், தொழிற்சங்கமும் சேர்ந்து ஆண்டுக்கு பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சிச் செலவைக் கொடுத்தால், அருவியில் விழும் உயிர்களும் குறையும், ஊரை விட்டுப் போகும் பிள்ளைகளும் குறைவார்கள். இதை வாசிக்கும் தலைவர்மாருக்கு என் கேள்வி இது: முதல் பத்துப் பேர் எந்த ஆண்டு? பதிலை இதே பக்கத்தில் போடக் காத்திருக்கிறேன்.